மரியா சபினாவிடம் பட்ட கடன்

எந்த மருந்துக்கும் கேட்காத மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் கொடுக்கலாம் என்று 2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா வழிவிட்டது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 2020 நவம்பரில் மேற்பார்வையில் சைலோசைபின் உட்கொள்ள மக்களே வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். 2023இல் அங்கே உரிமம் பெற்ற மையங்கள் திறந்தன. சில வகைக் காளான்கள் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும் வேதிப்பொருள் சைலோசைபின். அரை நூற்றாண்டாகக் கொடிய போதைப்பொருள் பட்டியலின் முதல் வரிசையில் வைத்துப் பூட்டப்பட்டிருந்தது. இப்போது மருத்துவ இதழ்களிலும் பங்குச் சந்தைச் செய்திகளிலும் அதன் பெயர் அடிபடுகிறது.

அந்தச் செய்திகளில் ஒரு பெயர் விடுபட்டுப்போவது என்னை உறுத்துகிறது. மெக்சிகோவின் தெற்கே, வஹாக்கா மாநிலத்து மலைகளில், ஹுவாட்லா தெ ஹிமெனெஸ் என்ற ஊரில் வாழ்ந்து 1985இல் இறந்துபோன மரியா சபினாவின் பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தாய்மொழியான மசாடெக்கில் மட்டுமே பேசியவர். இன்றைய உலகம் சைலோசைபினை அறிந்துகொண்டது அவர் நடத்திய ஒரு சடங்கின் வழியாகத்தான். அந்தச் சடங்குக்குள் வெளியுலகம் எப்படி நுழைந்தது, நுழைந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை விட்டுவிட்டு இந்த மருந்தின் கதையைச் சொல்வது நேர்மையில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். சைலோசைபின் உள்ள காளான் இனங்கள் 200க்கு மேல் இருக்கின்றன. சாப்பிட்டதும் குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் அதன் பாஸ்பேட் பகுதியை நீக்கிவிடுகின்றன. எஞ்சுவது சைலோசின்; மூளையில் வேலை செய்வது அதுதான். காளானைக் கிள்ளினால் காயம்பட்ட இடம் நீலமாக மாறுவதும் இந்தச் சைலோசின் காற்றுடன் வினைபுரிவதால்தான். அமைப்பில் அது நம் மூளையிலேயே ஊறும் செரடோனினுக்கு நெருங்கிய உறவு. அதனால் செரடோனின் பொருந்துகிற ஏற்பிகளில் ஒன்றில் தானும் போய்ப் பொருந்திக்கொள்கிறது. இதைத் தெளிவாக நிறுவியது சூரிக்கில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வு. அந்த ஏற்பியை அடைத்துவிடும் இன்னொரு மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது, சைலோசைபின் உட்கொண்டவர்களுக்கு வழக்கமான மனமாற்றங்கள் ஏற்படவில்லை.

உட்கொண்ட 20 முதல் 40 நிமிடங்களில் அது பிடிக்கத் தொடங்கும்; 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். கண்ணை மூடினால் நிறங்களும் கோலங்களும் ஓடும். ஒரு நிமிடம் ஒரு யுகமாக நீளும். 'நான்' என்று நாம் கட்டிக் காக்கும் வரப்பு சிலருக்கு முழுவதுமாக அழிந்துபோகும். அப்படி அழிவதைச் சிலர் பேரமைதி என்கிறார்கள், வேறு சிலர் செத்துப்போகிறோம் என்று அலறுகிறார்கள். ஒரே ஆள், ஒரே அளவு, வெவ்வேறு நாள்களில் இரண்டும் நடக்கலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், இவ்வளவு காட்சிகள் பொங்கும் நேரத்தில் மூளையின் சில மையப் பகுதிகளில் இயக்கம் கூடவில்லை, குறைந்தது. தன்னைப் பற்றிய ஓயாத எண்ண ஓட்டத்தோடு தொடர்புடைய பகுதிகள் அவை. மனச்சோர்வு என்பது பெரும்பாலும் அந்த ஓயாத ஓட்டத்தில் சிக்கிச் சுழல்வதுதான் என்பதால், மருத்துவர்களின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது.

உடலுக்கு இது பெரிய நஞ்சல்ல. அடிமைப்படுத்தும் தன்மையும் குறைவு. ஆபத்து மனத்தில் இருக்கிறது. தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு நோய் இருந்தவர்களை இன்றைய ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. மறைந்திருக்கும் நோயை இது கிளப்பிவிடலாம் என்ற அச்சம் அடிப்படையற்றதல்ல. இன்னொரு ஆபத்து காட்டில் இருக்கிறது. கல்லீரலை அழித்துக் கொல்லும் கேலரினா வகைக் காளான்கள், பழுப்பாகச் சிறியதாக, பார்வைக்கு இவற்றைப் போலவே இருக்கும்.

இனி மனிதர்களுக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவுக்கு வந்த ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ தெ சஹாகுன், அங்குள்ள மக்கள் இரவு விருந்துகளில் இந்தக் காளானைத் தேனுடன் உண்டதையும், உண்ட பின் சிலர் ஆடியதையும் சிலர் அழுததையும் எழுதி வைத்தார். திருச்சபை அதைப் பேயின் வேலை என்று ஒடுக்கியது. ஒடுக்கியதில் சடங்கு அழியவில்லை, மலையேறி மறைந்தது. அந்த மறைவு எவ்வளவு முழுமையானது என்றால், 1915இல் வில்லியம் சாஃபோர்டு என்ற அமெரிக்கத் தாவரவியலர், அப்படியொரு காளானே கிடையாது, துறவிகள் காய்ந்த பெயோட்டி கள்ளியைப் பார்த்துக் காளான் என்று எழுதிவிட்டார்கள் என்று வாதிட முடிந்தது. இன்னொரு தாவரவியலரான ரிச்சர்ட் எவான்ஸ் ஷுல்ட்ஸ் 1938இல் ஹுவாட்லாவுக்கே போய்க் காளான்களைச் சேகரித்து வந்த பிறகுதான் அந்த வாதம் ஓய்ந்தது.

மலைக்குள் மறைந்திருந்த அந்தச் சடங்குக்கு ஸ்பானியத்தில் வெலாதா என்று பெயர், இரவெல்லாம் விழித்திருத்தல். வீட்டில் ஒருவருக்கு நோய். என்னவென்று தெரியவில்லை, தீரவும் இல்லை. வைத்தியச்சியை அழைக்கிறார்கள். சடங்குக்கு முன்னும் பின்னும் சில நாள்கள் உடலுறவு கூடாது. காளான்களைப் புனிதக் குழந்தைகள் என்றே அழைப்பார்கள். ஜோடி ஜோடியாகக் கணக்கிட்டு, கொப்பால் பிசின் புகையில் காட்டி, கொடுப்பார்கள். மேசை மீது பூக்கள், மெழுகுவத்தி, கத்தோலிக்கப் புனிதர்களின் படங்கள். ஒடுக்க வந்த மதத்தின் புனிதர்களையே அந்த மக்கள் தம் சடங்குக்குள் உட்கார வைத்துக்கொண்டார்கள். பிறகு விளக்கை அணைப்பார்கள். விடியும் வரை இருட்டில் வைத்தியச்சி பாடிக்கொண்டே இருப்பார். கை தட்டுவார், உச்சரிப்பார், தான் யார் யார் என்று அடுக்கிக்கொண்டே போவார். வைத்தியச்சியும் காளானை உண்பார், பல வேளைகளில் நோயாளியைவிட அதிகமாக. நோய் எங்கிருந்து வந்தது, பிழைப்பாரா என்பதைக் காளான்தான் சொல்கிறது; அதன் வாயாக இருப்பது மட்டுமே தன் வேலை என்பது மரியா சபினாவின் நம்பிக்கை.

அவருடைய வாழ்க்கையை அவரே சொல்ல, ஆல்வாரோ எஸ்த்ராதா என்ற மசாடெக் எழுத்தாளர் பதிவுசெய்து 1977இல் நூலாக்கினார். சிறுவயதில் தந்தையை இழந்தவர். பசி தாங்காமல் தங்கையோடு மலையில் காளானைப் பிடுங்கித் தின்றதாகச் சொல்கிறார். பிறகு அதே தங்கை சாகக் கிடந்தபோது காளானை உண்டு அவரைக் குணப்படுத்தியதுதான் அவருடைய வைத்தியத்தின் தொடக்கம். பல இடங்களில் வறுமை பேசும் நூல் அது. வைத்தியத்துக்கு அவர் விலை பேசியதில்லை.

1955 ஜூன் 29 இரவு, ஜே.பி.மார்கன் வங்கியின் துணைத் தலைவர் கார்டன் வாசன், புகைப்படக்காரர் ஆலன் ரிச்சர்ட்சனுடன் அந்தச் சடங்கில் உட்கார்ந்தார். காளான்களின் பண்பாட்டு வரலாற்றில் அவருக்கும், குழந்தை மருத்துவரான அவர் மனைவி வாலென்டினாவுக்கும் பல ஆண்டு ஈடுபாடு இருந்தது. அந்த ஈடுபாடு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெலாதா வேடிக்கை பார்ப்பதற்கானதல்ல, நோய்க்கோ தீராத கவலைக்கோ மட்டும்தான். எனவே வாசன், ஊரில் இருக்கும் தன் மகன் எப்படி இருக்கிறானோ என்று கவலையாக இருக்கிறது என்று சொன்னார். அது பொய். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அவரை அழைத்துவந்து அறிமுகப்படுத்தியது நகராட்சி அலுவலர் கயெத்தானோ கார்சியா. அதிகாரத்தில் இருப்பவர் கேட்டதால் மறுக்கவில்லை என்று மரியா சபினா பிறகு சொன்னார்.

1957 மே 13 தேதியிட்ட 'லைஃப்' இதழில் வாசனின் கட்டுரை படங்களோடு வந்தது. வைத்தியச்சியின் பெயரை எவா மெண்டெஸ் என்று மாற்றியிருந்தார். ஊரை மறைத்திருந்தார். அந்த மறைப்பு வெகுநாள் தாங்கவில்லை. முதலில் ஆய்வாளர்கள் வந்தார்கள், பின்னால் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள். அதற்கும் முன்பே, 1956இல் வாசனோடு ஹுவாட்லாவுக்குப் போன குழுவில் ஜேம்ஸ் மூர் என்ற வேதியியலர் இருந்தார். அந்தப் பயணத்துக்கு 2,000 டாலர் தந்த அறக்கட்டளை, அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. தன் மனக்கட்டுப்பாட்டு ஆய்வுக்குப் பணம் அனுப்பிய வழி. மூர் அவர்களுடைய ஆள். வாசனுக்கு இது தெரியாது. நோயாளிக்காகப் பாடப்பட்ட ஒரு பாட்டைக் கேட்க, வங்கியாளரும் உளவாளியும் ஒரே மலைப்பாதையில் ஏறினார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஊர் மரியா சபினாவைப் பழித்தது. புனிதத்தை வெளியாருக்கு விற்றுவிட்டாள் என்றார்கள். அவர் வீடு எரிந்தது. போதை விற்பவர் என்று போலீஸ் பிடித்துப் போனது. 1969 முதல் சில ஆண்டுகள் ஹுவாட்லாவுக்குப் போகும் வழியை ராணுவம் காத்தது. வெளிநாட்டார் வந்த பிறகு காளான்களின் தூய்மையும் வலுவும் போய்விட்டன, இனி அவை பயன்படா என்று எஸ்த்ராதாவிடம் அவர் சொன்ன இடம் அந்த நூலிலேயே மிகவும் வருத்தும் இடம். காளானின் சைலோசைபின் அளவு குறைந்திருக்காது. அவர் சொன்னது வேறொன்று. முன்பு யாரும் கடவுளைப் பார்ப்பதற்காகக் காளானை உண்டதில்லை, நோய் தீர்க்கத்தான் உண்டார்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மேலை உலகம் அவரை ஞானியாக வணங்கியது; அவர் தன்னை வைத்தியராகத்தான் கருதினார்.

அந்த மலையிலிருந்து பாரிசுக்குப் போன காளான்களைக் காளானியலர் ரோஜே எய்ம் வகைப்படுத்தி வளர்த்தார். ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் வேதியியலர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அவற்றிலிருந்து சைலோசைபினையும் சைலோசினையும் பிரித்தெடுத்து 1958இல் வெளியிட்டார். 1962இல் ஹாஃப்மன் தன் மனைவியோடும் வாசனோடும் ஹுவாட்லாவுக்கே வந்து, செயற்கையாகச் செய்த மாத்திரைகளை மரியா சபினாவிடம் கொடுத்தார். மாத்திரை கரைய நேரமெடுத்ததால் முதலில் ஒன்றுமில்லை என்று மரியா சபினா நினைத்தார். விடியற்காலையில், காளானுக்கும் இதற்கும் வேறுபாடில்லை, காளான் கிடைக்காத பருவத்திலும் இனி வைத்தியம் செய்யலாம் என்று மகிழ்ந்தார். தன் அறிவைத் திருடியவர்கள் என்று கதவைச் சாத்தவில்லை. மாத்திரையா காளானா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. இருட்டும் பாட்டும் நோயாளியும் அருகில் ஆளும் இருந்ததால் அது வேலை செய்தது.

இதைப் புரிந்துகொள்ள மேலை மருத்துவத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1960இல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் காளான் உண்டு திரும்பிய உளவியலர் திமோதி லியரி ஹார்வர்டில் ஆய்வு தொடங்கினார். அவருடைய பரபரப்பு ஆய்வை விழுங்கியது. 1963இல் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. 1971இன் ஐ.நா. ஒப்பந்தம் சைலோசைபினை மருத்துவப் பயனற்ற பொருள்களோடு முதல் பட்டியலில் போட்டது. அதே ஒப்பந்தத்தின் 32ஆம் பிரிவு, சிறு சமூகங்கள் சமயச் சடங்கில் பயன்படுத்தும் காட்டுத் தாவரங்களுக்கு நாடுகள் விலக்கு கோர இடம் வைத்தது. மெக்சிகோ அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் ஆய்வுகள் ஏறத்தாழ நின்றுபோயின.

2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு கதவை மீண்டும் திறந்தது. பங்கேற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், தம் வாழ்வின் மிகப் பொருள் பொதிந்த ஐந்து அனுபவங்களில் ஒன்று இது என்றார்கள். 2016இல் அதே குழு உயிருக்கு ஆபத்தான புற்றுநோயால் கலங்கிய 51 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குத் துயரும் பதற்றமும் குறைந்தே இருந்தன. நம்பிக்கை தரும் எண்கள். ஆனால் 2022இல் 233 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அடக்கமான முடிவையே தந்தது: 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கு மூன்று வாரத்தில் நல்ல முன்னேற்றம், பன்னிரண்டு வாரம் அது நிலைத்தது 20 விழுக்காட்டினருக்குத்தான். சிலருக்குத் தற்கொலை எண்ணம் எழுந்ததும் பதிவாகியிருக்கிறது. அதிசய மருந்து என்று பேசுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வுகளில் நோயாளியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அமைதியான அறை. கண்ணுக்குப் பட்டை. காதில் தேர்ந்தெடுத்த இசை. பல மணி நேரம் எழுந்து போகாமல் அருகிலேயே பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ. முன்கூட்டியே சில நாள்கள் பேசித் தயார் செய்வது, பிறகும் பேசுவது. இருட்டு, பாட்டு, விழித்திருக்கும் துணை, முன்னும் பின்னும் நோன்பு. ஹுவாட்லாவின் மண் வீட்டில் இருந்தவையே இவை. வைத்தியச்சியும் உண்டார், சிகிச்சையாளர் உண்பதில்லை. அது பெரிய வேறுபாடுதான். மற்றபடி மசாடெக் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து வைத்த முறையை மருத்துவமனை தன் நெறிமுறை என்று எழுதிக்கொண்டிருக்கிறது.

எழுதிக்கொண்டதோடு நிற்கவில்லை. காம்பஸ் பாத்வேஸ் என்ற நிறுவனம் சைலோசைபினின் ஒரு படிக வடிவத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருக்கிறது. எதிர்த்து முறையீடுகளும் எழுந்தன. படிகத்தை அவர்கள் ஆய்வகத்தில் உழைத்து உருவாக்கியிருக்கலாம். அதற்கு முதலீடு தேவை, முதலீட்டுக்கு ஈடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொருளை நோய்க்குக் கொடுக்கலாம் என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது? காப்புரிமைச் சட்டம் படிகத்தைப் பார்க்கிறது, பாட்டைப் பார்ப்பதில்லை. மரபறிவுக்குப் பங்கு தரச் சொல்லும் நகோயா உடன்படிக்கை 2014இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஹுவாட்லாவின் அறிவோ 1957இலேயே கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவும் இல்லை.

நம் மலைகளுக்கும் இதில் பங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் சைலோசைப் என்ற காளான் பேரினத்தின் ஓர் இனத்துக்கு, சென்னைப் பல்கலைக்கழகக் காளானியலர் நடராஜனின் பெயரை மெக்சிகோ அறிஞர் காஸ்தோன் குஸ்மான் சூட்டினார். கொடைக்கானல் மேல்மலையில் மழை பெய்த பிறகு முளைக்கும் காளானைத் தேடி வெளியூர் இளைஞர்கள் வருகிறார்கள். விற்பவர்களைப் போலீஸ் அவ்வப்போது பிடிக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சைலோசைபினைத் தடைசெய்கிறது. காளானே தடைப் பொருளா என்பதில் நீதிமன்றங்கள் வேறு விதமாகவும் யோசிக்கின்றன. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில், காளான் இயற்கையான பூஞ்சை, அதைக் கலவையாகக் கருத முடியாது என்றது. சட்டம் எப்படியும் போகட்டும். விடுதி அறையில், யாரோ பறித்துக் கொடுத்ததை, விழித்திருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லாமல், நான்கு நண்பர்கள் சேர்ந்து தின்பதில் மசாடெக் சடங்கின் ஒரு துளியும் இல்லை. அங்கே பயம் வந்தால் கையைப் பிடிக்க வேண்டிய நண்பனும் அதே மயக்கத்தில் இருக்கிறான். இதை ஆன்மிகத் தேடல் என்று இணையத்தில் விற்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. மலைக் கிராமத்தில் சில நூறு ரூபாய்க்காகப் பறித்துக் கொடுத்துச் சிறைக்குப் போகும் பையன்கள் மீது அந்தக் கோபம் வரவில்லை.

மரபறிவுக்குப் பங்கு கொடுப்பது முடியாத காரியமல்ல என்பதற்கும் நம் பக்கமே சான்று இருக்கிறது. அகத்தியமலையில் 1987இல் ஆய்வுக்குப் போனவர்களுக்கு, உடன் நடந்த காணிப் பழங்குடி மக்கள் களைப்பே இல்லாமல் ஏறியது வியப்பாக இருந்தது. அவர்கள் மென்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்யப்பட்டு, கோவை நிறுவனம் ஒன்றுக்கு 1995இல் உரிமம் தரப்பட்டது. திருவனந்தபுரத்து ஆராய்ச்சி நிறுவனம் தனக்குக் கிடைத்த தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. அதைப் பெற 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. குறைகள் நிறைய. எல்லாக் காணிகளையும் கேட்கவில்லை, வனத்துறை செடி பறிக்கத் தடை போட்டது, பணமும் பெரிதில்லை. இருந்தும் கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டு எழுதிய காகிதம் அது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்தில் எழுதியது.

சைலோசைபினுக்கு அப்படியொரு காகிதம் வேண்டும். மருந்தாக விற்க அனுமதி கேட்டு நிற்கும் நிறுவனங்கள் வருவாயில் ஒரு பங்கை மசாடெக் மலைக்கு ஒதுக்குவதை அனுமதியின் நிபந்தனையாகவே அரசுகள் வைக்கலாம். ஒரேகான் போன்ற மாநிலங்கள் மையங்களிடம் வாங்கும் உரிமக் கட்டணத்திலிருந்து இதைத் தொடங்கலாம். எவ்வளவு, யாரிடம், எதற்கு என்பதை அந்த மலையின் ஊர்ச் சபைகள் முடிவு செய்யட்டும். அங்கே பள்ளிகளும் மருத்துவமனையும் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள், பணமே வேண்டாம், எங்கள் சடங்கை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பவர்களும் இருப்பார்கள். இரண்டாவது பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் மனத்தோடு போய்க் கேட்க வேண்டும். வாசன் போனபோது அந்த மக்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.